குச்சிக்குத் தெரியாதது

பெண் பார்க்கப் போன வீட்டில் "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். "ரத்தம் டெஸ்ட் பண்றாரு" என்று அம்மா முந்திக்கொண்டார். நான் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிள்ளானில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் அப்போது எனக்குக் கொடுத்திருந்தது சிறுநீர் மேசை. ரத்தக் குழாய்கள் அடுத்த அறைக்குப் போகும். மூடியைச் சரியாகத் திருகாத போத்தல்கள் என்னிடம் வரும். கேரி தீவுத் தோட்டத்தில் எங்கள் லயத்துச் சித்தப்பா ஒருவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "இம்புட்டுப் படிச்சிட்டு மூத்திரத்த மோந்து பாக்குறதாடா வேலை?" என்று கேட்டார். அது என்னைவிட அம்மாவைத்தான் அதிகம் சுட்டிருக்க வேண்டும். அதனால்தான் அந்த ரத்தப் பொய். பல வருஷம் அந்தப் பொய்க்குள் நானும் சௌகரியமாகவே இருந்தேன்.

சித்தப்பாவுக்கு அப்போதே ஒரு பதில் சொல்லியிருக்கலாம். நம் சித்த வைத்தியர்கள் நாடி பிடித்துப் பார்த்ததோடு நிற்கவில்லை, நீர்க்குறியும் நெய்க்குறியும் பார்த்தார்கள். விடிகாலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நெளிகிறதா, மோதிரமாக விரிகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்து வாதம், பித்தம், கபம் சொன்னார்கள். தேரையர் பெயரில் அந்த முறை இன்றும் வழங்குகிறது. எண்ணெய்ச் சொட்டு சொன்னதை நான் நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை. ஆனால் விடிந்ததும் வரும் முதல் நீரைத்தான் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்துக்குக் கும்பிடு போடுவேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

படிக்கிற காலத்தில் என் நோட்டில் நான் எழுதிவைத்திருந்தது ஒரே வரி: நல்ல சிறுநீரில் புரதம் இருக்காது. வேலையிலும் அதற்கு ஏற்ற கருவிதான் இருந்தது. பிளாஸ்டிக் குச்சி, அதன் நுனியில் மஞ்சள் பட்டை. அந்தப் பட்டையில் ஒரு சாயமும், அமிலத்தன்மை மாறாமல் பார்த்துக்கொள்ளும் உப்பும் இருக்கும். புரதம் வந்து சாயத்தோடு ஒட்டினால் மஞ்சள் பச்சையாகும். மஞ்சளாகவே இருந்தால் 'நெகட்டிவ்'. இளம்பச்சைக்கு ஒரு பிளஸ், கரும்பச்சைக்கு மூன்று. மணிக்கு எத்தனை போத்தல் வந்தாலும் கை தானாக வேலை செய்யும்.

எங்கள் மேசைக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார், ஈப்போக்காரர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் நான் வரிசையாக நெகட்டிவ் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இல்லன்னா எழுதுற? இந்தக் குச்சிக்குத் தெரியலைன்னுதான் அதுக்கு அர்த்தம் தம்பி" என்றார். லிட்டருக்கு 150 முதல் 300 மில்லிகிராம் அல்புமின் என்ற புரதம் இருந்தால்தான் அந்தப் பட்டை நிறம் மாறும். அதற்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் குச்சி வாய் திறக்காது. "அப்ப நல்ல ஆளுக்கும் புரதம் போகுமாண்ணே?" என்றேன். "நீ நல்ல ஆள்தானே? கொண்டு வா, பார்ப்போம்" என்றார்.

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில், ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு அறையில் நாலு பேரோடு தங்கி, கிள்ளானுக்கு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீரைப் பிடிக்க வேண்டும். முதல்நாள் காலை முதல் நீரைக் கொட்டிவிட்டு, அங்கிருந்து மறுநாள் காலை முதல் நீர் வரை ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். அறைத் தோழர்களிடம் என்னவென்று சொல்வது? பெரிய போத்தலைத் துணிக்கடைப் பையில் மறைத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனதும், பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி "என்னப்பா, பாயாசமா?" என்று கேட்டதும் எனக்கு மறக்காது.

மூத்தவர் அதில் கொஞ்சம் எடுத்துச் சுழற்றித் தெளியவைத்தார். தெளிந்ததை மெல்லிய செல்லுலோஸ் குழாய்ப் பையில் ஊற்றி, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு, நீரை உறிஞ்சும் ஒரு வெள்ளைத் துகளில் புதைத்துக் குளிர்பெட்டியில் வைத்தார். மறுநாள் பை வற்றிச் சுருண்டு கிடந்தது. உள்ளே சாயத் தேநீர் நிறத்தில் சில சொட்டு மிச்சம். அதைச் செல்லுலோஸ் அசிடேட் பட்டையில் கோடாக வைத்து மின்சாரம் பாய்ச்சி, பிறகு சிவப்புச் சாயத்தில் முக்கினார். பட்டை முழுக்கச் சிவந்தது. காடி வாடை அடிக்கும் அமிலத்தில் மாற்றி மாற்றி அலசினோம். சிவப்பு மெல்ல விட்டு வெள்ளை தெரிந்தது. வெள்ளைக்கு நடுவில், முன்னால் ஓடிப் போன இடத்தில், ஒரு பட்டை மட்டும் போகாமல் அழுத்தமாக நின்றது. அல்புமின். அதற்குப் பின்னால், கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற மாதிரி இன்னும் சில கோடுகள். "இதெல்லாம் உன் ரத்தத்துல ஓடுறது" என்றார். ஆக, வீட்டில் சொல்லிவைத்த ரத்தப் பொய் ஒருவகையில் மெய்யாகிப்போனது.

அளவு தெரிய இன்னொரு வேலை செய்தோம். அல்புமினைப் பிடிக்கும் எதிர்பொருள் கலந்த கூழ்த் தட்டில் சிறு குழி குத்தி, வற்றிய நீரை அதில் விட்டு இரண்டு நாள் வைத்தால் குழியைச் சுற்றி வெண்வளையம் விழும். வளையத்தின் விட்டத்தை அளந்து வர்க்கம் போட்டால் அளவு கிடைக்கும். 1965இல் மான்சினியும் கூட்டாளிகளும் சொன்ன முறை அது. கணக்குப் போட்டதில் நாள் ஒன்றுக்கு ஒற்றை இலக்க மில்லிகிராம் வந்தது. குச்சியிடம் கேட்டால் அதே நீருக்கு நெகட்டிவ்.

உலகம் இதை ஒத்துக்கொள்ள நெடுநாள் ஆனது. சிறுநீரைச் சூடாக்கினால் சிலருடையது முட்டை வெள்ளைபோல் கட்டியாகும் என்பது 1694இலேயே டச்சுக்காரர் டெக்கர்ஸுக்குத் தெரியும். 1827இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், வீங்கிய உடம்பு, கட்டியாகும் சிறுநீர், கெட்டுப்போன சிறுநீரகம் மூன்றையும் ஒரே நோயாக முடிச்சுப் போட்டார். கரண்டியில் சிறுநீரை எடுத்து மெழுகுவத்தியில் காட்டினால் போதும் என்றானது. மிகப் பெரிய கண்டுபிடிப்புத்தான். ஆனால் புரதம் என்றாலே நோய் என்ற எண்ணமும் அந்த வத்தியிலிருந்து பற்றிக்கொண்டதுதான். 1878இல் ஜெர்மானியர் லாய்பே, நோய் நொடி இல்லாத நூற்றுக்கும் மேற்பட்ட படைவீரர்களின் சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார். காலையில் சிலருக்கே புரதம் தெரிந்தது. அணிவகுத்து நடந்துவந்த பிறகு இன்னும் பலருக்குத் தெரிந்தது. படுத்த படுக்கையில் கிடந்தவர்கள் இல்லை அவர்கள், துப்பாக்கி தூக்கி நடந்தவர்கள். பிறகு 1961இல் ஸ்வீடனின் இங்கெமார் பெர்க்கார்ட், நல்ல மனிதரின் சிறுநீரை வற்றவைத்து, அதிலிருக்கும் ரத்தப் பிளாஸ்மா புரதங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு கட்டுரையாகவே எழுதிவிட்டார். அல்புமின் மட்டுமில்லை, டிரான்ஸ்ஃபெரின், இம்யூனோகுளோபுலின் என்று பட்டியல் நீண்டது. 2006இல் மத்தியாஸ் மான் குழு நிறை நிறமாலைமானியை வைத்து எண்ணியபோது ஆரோக்கியமானவர் சிறுநீரில் 1,500க்கும் அதிகமான புரதங்கள் கிடைத்தன. 'இருக்காது' என்ற என் நோட்டு வரி என்ன ஆயிற்று என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இருக்கிறது என்பதை நான் தோட்டத்துப் பாஷையில்தான் விளங்கிக்கொண்டேன். கேரி தீவில் அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர், அம்மா உதிரி பொறுக்குகிறவர். குலை தரையில் விழுந்ததும் கொஞ்சம் பழம் சிதறும். சிதறாமல் குலை விழாது. அதைப் பொறுக்கி மூட்டை கட்டுவது பின்னால் வரும் பெண்கள் வேலை. எவ்வளவு பொறுக்கினாலும் புல்லுக்குள் நாலு பழம் கிடக்கும். சிறுநீரகத்திலும் அதுதான் நடக்கிறது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிமுடிச்சுகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் வடிப்பது 180 லிட்டர். ரத்தப் பிளாஸ்மாவில் லிட்டருக்கு 40 கிராம் அல்புமின் இருக்கிறது. தடுப்பே இல்லையென்றால் தினமும் ஏழு கிலோ அல்புமின் வெளியே போக வேண்டும். வடிமுடிச்சின் சுவர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தடுத்து நிறுத்துகிறது. தப்பிவருவதைப் பின்னாலிருக்கும் நுண்குழல்களின் செல்கள் பொறுக்கி உள்ளே எடுத்துக்கொள்கின்றன. புல்லில் மிஞ்சுவதுதான் நான் தட்டில் பார்த்த வெண்வளையம்.

இதில் முக்கியமான விஷயம், மிச்சம் கூடினால் யார் மேல் குறை என்று கண்டுபிடிக்கலாம். சிதறுவது அதிகமானால் பெரிய புரதமான அல்புமின் கூடும். இனிப்புநீரிலும் ரத்த அழுத்தத்திலும் நடப்பது பெரும்பாலும் இது. பொறுக்குகிறவர்கள் படுத்துவிட்டால், அல்புமின் அவ்வளவாகக் கூடாமல் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின் மாதிரியான சின்னப் புரதங்கள் புல்லில் நிறையக் கிடக்கும். காட்மியம் விஷம் ஏறியவர்களின் சிறுநீரில் இதுதான் நடந்தது. பெர்க்கார்டும் பேர்னும் 1968இல் பீட்டா-2 மைக்ரோகுளோபுலினைப் பிரித்தெடுத்ததே அப்படிப்பட்ட சிறுநீரிலிருந்துதான். இலங்கையின் வடமத்திய மாகாண விவசாயிகளைத் தொண்ணூறுகளிலிருந்து வாட்டும், காரணம் பிடிபடாத சிறுநீரக நோயும் இந்த இரண்டாம் ரகம். சர்க்கரையும் அழுத்தமும் இல்லை, அல்புமின் குறைவு, நுண்குழல்கள் சேதம். அல்புமினை மட்டும் தேடும் குச்சியோடு அங்கே போனால் ஆரம்பத்தில் எல்லாரும் நல்லவர்களாகவே தெரிவார்கள். வெயிலில் உழைக்கிற சனத்துக்குக் குச்சி மட்டும் போதாது என்று நான் சண்டை பிடிப்பது அதனால்தான்.

அப்பாவுக்கு வந்தது முதல் ரகம். இனிப்புநீர், கால் வீக்கம், பிறகு வாரம் மூன்று முறை கிள்ளானில் டயாலிசிஸ். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. நாட்பட்ட சிறுநீரக நோய் 2011இல் சுமார் 9 விழுக்காடாக இருந்தது, 2018இல் 15ஐத் தாண்டியது. அந்த எண்களுக்குள் அப்பா ஒருவர். அவர் போன பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மனைவிக்கே ரொம்ப நாள் தெரியாது. வேலை முடிந்து எல்லாரும் போனபின், என் சிறுநீரை நானே இயந்திரத்தில் விட்டுப் பார்ப்பேன். இயந்திரங்கள் மாறியிருந்தன. எதிர்பொருள் சேர்த்துக் கலங்கலை ஒளியால் அளந்து, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று நிமிஷத்தில் சொல்லிவிடும். ஹாரி கீனும் குளோவராக்கிஸும் 1963இல் கதிரியக்க முறையில் ஆரம்பித்துவைத்த நுண்அளவு வேலைதான் அது. அந்தச் சின்ன அளவு கொஞ்சம் ஏறுவதே பின்னால் வரப்போகும் சிறுநீரகச் சேதத்துக்கு முன்னறிவிப்பு என்று எண்பதுகளில் லண்டனிலும் டென்மார்க்கிலும் காட்டினார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்ததுதான் வினை. ஒருநாள் நாலு, ஒருநாள் ஒன்பது, ஒருநாள் ஆறு. ஒன்பது வந்த அன்று சாப்பாடு இறங்காது.

ஒரு தைப்பூசம். கோலாலம்பூர் மாரியம்மன் கோவிலிலிருந்து வெள்ளி ரதத்தின் பின்னால் இரவெல்லாம் வெறுங்காலில் நடந்து, பத்துமலையில் 272 படி ஏறி, அண்ணன் மகனின் பால்குடத்துக்குத் துணை போய், மதியத்துக்குமேல் ஆய்வுக்கூடத்தில் நுழைந்தேன். விடுமுறைப் பணி. வழக்கம்போல் சோதித்தேன். முப்பதைத் தாண்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் கால்தான் ஞாபகத்தில் வந்தது.

அந்த ஈப்போக்காரர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். தொலைபேசியில் கூப்பிட்டேன். சிரித்தார். "ராத்திரி முழுக்க நடந்துட்டு வந்து மூத்திரம் பார்ப்பியா? தண்ணி குடிச்சியா? கிரியாட்டினின் போட்டியா?" என்று கேட்டார். போடவில்லை. உடம்பை வருத்தினால், காய்ச்சல் அடித்தால், வடிமுடிச்சில் சிதறுவது சில மணி நேரத்துக்குக் கூடும். ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். தண்ணீர் குறைந்தால் இருக்கும் புரதமே கெட்டியாகத் தெரியும். அதற்குத்தான் அதே நீரிலிருக்கும் கழிவான கிரியாட்டினினால் அல்புமினை வகுத்துப் பார்ப்பது. ஒரு மில்லிமோல் கிரியாட்டினினுக்கு 3 மில்லிகிராமுக்குள் இருந்தால் பயமில்லை. இளவட்டங்கள் சிலருக்கு நின்றால் புரதம் போகும், படுத்தால் போகாது. ஆகவே படுத்து எழுந்த முதல் நீர். சித்த வைத்தியரின் விடிகாலைப் போத்தலுக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சாட்சி. அப்படியும் ஒருமுறை பார்த்து முடிவு கட்டக் கூடாது. சில மாத இடைவெளிக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டிலாவது கூடியிருந்தால்தான் கணக்கு. நாலும் ஒன்பதும் ஆறும் நோயின் நடமாட்டமில்லை, என் உடம்பின் அன்றாடம். எனக்கு இவையெல்லாம் பாடமாகத் தெரியும். மற்றவர் போத்தலுக்கு நானே சொல்லியிருக்கிறேன். என் போத்தல் என்றபோது படிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

இராத்திரிச் சோதனையை அதற்குப் பிறகு விட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரையும்போல் கொடுக்கிறேன். கூச்சமும் கிட்டத்தட்ட அந்தச் சமயத்தில்தான் போனது. அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைச் சொல்ல முடியாது என்றானபோது மறைக்க என்ன இருக்கிறது?

கேரி தீவுக் கோவில் மண்டபத்தில் நடக்கும் இலவச மருத்துவ முகாமுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போவதும் அப்படித்தான் ஆரம்பமானது. லயங்களில் இப்போது எங்கள் சனம் குறைவு. குலை வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேசத் தம்பிகள். தெலுக் பங்லிமா காராங், பந்திங், கிள்ளான் என்று பிரிந்துபோனவர்கள் சாமி கும்பிடப் பாலம் தாண்டி வருவார்கள். ஒருமுறை காலை வெட்டு முடித்து, பூட்ஸ் மண்ணோடு வந்த தம்பி ஒருவருக்குக் குச்சி நல்ல பச்சை காட்டியது. இரண்டு பிளஸ். வரிசையில் பின்னால் நின்ற அக்கா, "ஐயோ, இந்த வயசுல கிட்னியா?" என்று வாயில் கை வைத்தார். தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. பதினைந்து அடிக்கு மேல் நீளமான கோலைத் தூக்கி விடிந்ததிலிருந்து வெட்டியிருக்கிறார், குடித்தது ஒரு போத்தல் தண்ணீர். மறுநாள் காலை எழுந்ததும் பிடித்த நீரை அனுப்பச் சொன்னேன். அல்புமினும் கிரியாட்டினினும் போட்டதில் விகிதம் ஒன்றுக்குக் கீழே. அதே முகாமில், குச்சி மஞ்சளாகவே காட்டிய இனிப்புநீர்க்கார அம்மா ஒருவருக்கு விகிதம் பன்னிரண்டு. பயப்பட வேண்டியவர் சிரித்துக்கொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகும் இருமுறை பார்த்து உறுதியான பின், அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை ஆரம்பித்தார்கள்.

கோலாலம்பூரில் இந்த வேலை இன்னும் ஆழமாகப் போயிருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஓன் ஹாஷிம் குழுவினர், நம் செம்படாக் பழத்தின் கொட்டையிலிருந்து லெக்டின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது மனித ஐஜிஏ எதிர்பொருளின் சர்க்கரை வாலைக் கவ்விப் பிடிக்கும். பலாக்கொட்டையிலும் அப்படி ஒன்று உண்டு, ஜாகலின் என்று பெயர். செம்படாக் லெக்டினைத் தூண்டிலாக வைத்து, நல்லவர் சிறுநீரையும் புற்றுநோயாளர் சிறுநீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் புரதம் கூடுகிறது, எது குறைகிறது என்று பார்த்தார்கள். அதற்கெல்லாம் அடித்தளம் நல்லவர் சிறுநீரின் கணக்கு. அது தெரியாமல் நோயாளியின் கணக்குக்கு எதை வைத்து அர்த்தம் சொல்வது? அம்மா பொரித்துக் கொடுத்த செம்படாக்கின் கொட்டையைச் சின்ன வயதில் அவித்துத் தின்றிருக்கிறோம். இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்ப நாங்களும் ஆராய்ச்சிதான் பண்ணியிருக்கோம்" என்றார்.

முகாமில் இப்போது முறையை மாற்றிவிட்டோம். சனிக்கிழமை மாலை பூசைக்கு வருகிறவர்களிடம் போத்தல் கொடுத்துவிடுகிறோம். ஞாயிறு எழுந்ததும் பிடித்து, பெயரும் நேரமும் எழுதிக் கொண்டுவர வேண்டும். குச்சி போடுகிறோம், ஆனால் இனிப்புநீரோ அழுத்தமோ உள்ளவர்களுக்கு மஞ்சள் காட்டினாலும் விகிதத்துக்கு அனுப்புகிறோம். தாளில் நெகட்டிவ் என்று எழுதாமல் எண் எழுதுகிறோம். "எண்ணைப் பார்த்தா சனம் குழம்பாதா?" என்று கோவில் செயலாளர் கேட்டார். வங்கிக் கணக்கில் எண் பார்க்கிறார்களே, அதில் குழம்புகிறார்களா என்று கேட்டேன். அவர் அதற்கு ஒத்துக்கொண்டார், போத்தல்களைக் கோவில் குளிர்பெட்டியில் வைக்க மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அபிஷேகப் பாலும் தயிரும் அதில்தான் இருக்கிறது. நியாயந்தான். கடைசியில் நண்டு வியாபாரம் செய்யும் ஒருவர் பழைய ஐஸ் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். சோப்பு, எலுமிச்சை, வெயில் என்று எல்லாம் காட்டியாகிவிட்டது. மண்டபத்தில் வாடை அடிக்கிறது என்று இதுவரை வந்த புகார்கள் எல்லாம் நண்டைப் பற்றித்தான்.